குன்னூர் எலிகளும் என் தொப்பையும்

235, 155.

ரெண்டுமே எலிகளோட எடை. கிராம் கணக்கு. நம்ம நீலகிரியில, குன்னூர்ல, ஒரு வெள்ளைக்கார டாக்டர் எலிகளைக் கூண்டுல வச்சு, ஒவ்வொரு கூண்டுக்கும் இந்தியாவோட ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். பஞ்சாபி சீக்கியர் சாப்பாட்டுல வளர்ந்த எலி சராசரி 235 கிராம். "மதராஸி" சாப்பாட்டுல, அதாவது உங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் சாப்பிடுற சோறு, குழம்பு வகையறாவுல வளர்ந்தது 155 கிராம். மூணுல ரெண்டு பங்கு கூட சரியா இல்லை. நடுவுல பட்டாணியர் 230, மராட்டியர் 225, கூர்க்கா 200, கன்னடம் 185, வங்காளம் 180. பட்டியல்ல கடைசி பெஞ்சு நாமதான் :-)

உடம்பு குறைக்கிறதைப் பத்தி எழுத உக்கார்ந்து எலியில ஆரம்பிக்கிறானேன்னு நினைக்க வேண்டாம். அரிசி, வெள்ளை ரொட்டி, சர்க்கரை டீ எல்லாம் உடம்பை என்ன பண்ணுதுன்னு இந்தியாவுல முறையா ஆராய்ச்சி தொடங்கின இடம் எங்க ஊரு. சிம்ஸ் பார்க் பார்க்க வர்ற கூட்டத்துல நூத்துக்கு தொண்ணூத்தொம்பது பேருக்கு இது தெரியாது. உள்ளூர்க்காரங்களுக்கே தெரியாது. பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க. சர்க்கரை எவ்வளவு போடலாம்னு கடைசியில பேசிக்கலாம்.

குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907ல திறந்தாங்க. வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பண்ணத்தான் அது. அதுக்கு முன்னாடி நாய் கடிச்சா இமயமலை அடிவாரத்து கசௌலிக்கு ஓடணும். போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பேர் கதை முடிஞ்சிடும். அந்தக் கட்டடத்துல ஒரே ஒரு அறையில 1918ல "பெரிபெரி விசாரணை"ன்னு ஒரு சின்ன வேலை ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சவர் ராபர்ட் மக்காரிசன். 1878ல வட அயர்லாந்துல பிறந்தவர், 1901ல இந்திய மருத்துவப் பணியில சேர்ந்தவர். கில்கித் பக்கம் ஏழு வருஷம் போல இருந்து கழுத்துக்கழலை ஏன் வருதுன்னு ஆராய்ஞ்சவர். அந்த ஊர்த் தண்ணியில இருந்த வண்டலைத் தானே குடிச்சுப் பார்த்தாராம்! எலி எல்லாம் அப்புறம்தான், முதல் எலி அவரேதான்.

கில்கித்துக்கு வடக்கே ஹுன்ஸா மக்களைப் பார்த்து அசந்து போய் அவர் எழுதினதுதான் இன்னிக்கு "120 வயசு வாழும் மனிதர்கள்"னு வாட்ஸப்ல சுத்துற கதைகளுக்கெல்லாம் மூலவிதை. அந்த 120 வயசுக்கு ஆதாரம் கிடையாது. அவர் கவனிச்சது அவங்க உடற்கட்டையும் சாப்பாட்டையும் தான். மத்தவங்க ஊதிப் பெருசாக்கிட்டாங்க. அது தனிப்பதிவுக்கான விஷயம், விடுங்க.

பெரிபெரி நரம்பைத் தாக்குற நோய். கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில இதயம் நிக்கும். அப்போ மதராஸ் மாகாணத்தோட வடக்குக் கடலோரத்துல, இன்னிக்கு ஆந்திரக் கடற்கரையில, இது அதிகம். அதே மாகாணத்துல தெற்கே, அதே அரிசியைத் தின்னுற தமிழ்நாட்டுப் பக்கம் அவ்வளவா இல்லை. காரணம் கேட்டா சிரிப்பு வரும். நாம புழுங்கல் அரிசி, அவங்க பச்சரிசி. அவ்வளவுதான்! நெல்லை ஊறவச்சு ஆவி காட்டும்போது தவிட்டுல இருக்கிற பி1 வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கிடுது. அப்புறம் மில்லுல போட்டுத் தீட்டினாலும் முழுசா போயிடாது. பச்சரிசியைத் தீட்டினா தவிட்டோட போச்சு. கையால குத்தின காலத்துல இந்தப் பிரச்சினை பெருசா இல்லை, மில் வந்து அரிசி மல்லிகைப்பூ மாதிரி ஆனப்புறம்தான் வம்பு. ஜாவாவுல எய்க்மான் கோழிகளை வச்சு இதை 1890கள்லயே மோப்பம் பிடிச்சிருந்தார், அதுக்கு 1929ல நோபல் பரிசும் வந்துச்சு. குன்னூர்ல மக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டின அரிசி போட்டுப் பார்த்தார்.

நம்ம பாட்டிமார் யாரும் வைட்டமின் படிச்சுட்டு நெல் அவிக்கலை. இடிச்சா நொய்யாகாம முழுசா வரும், பூச்சி சீக்கிரம் அண்டாது, அதுக்காகத்தான். ஆனா அது லட்சக்கணக்கான உயிரைக் காப்பாத்தியிருக்கு. "எல்லாம் முன்னோர்களின் விஞ்ஞானம்"னு இதை மாலை போட்டுக் கும்பிடுற கோஷ்டியில நான் இல்லை. தற்செயலா நல்லது நடந்ததைத் தற்செயல்னே சொல்லலாமே, அதுல என்ன குறைச்சல்?

1923ல இஞ்ச்கேப் பிரபு தலைமையில ஒரு சிக்கனக் கமிட்டி வந்து இந்த ஆராய்ச்சிக்கு மொத்தமா காசை வெட்டிடுச்சு. ரெண்டு வருஷம் பூட்டு. 1925ல மறுபடி உயிர் வந்து, 1928ல முறையான "ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம்" ஆச்சு. மக்காரிசன் அதோட முதல் இயக்குநர். எலிக் கூண்டுகள் பிரபலமானது அந்தக் காலத்துலதான்.

சீக்கியர் சாப்பாடுன்னு அவர் கொடுத்தது முழுக்கோதுமை சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டின பயறு, பச்சைக் காய்கறி, வாரம் ஒருநாள் எலும்போட கறி. இதுல வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகள்ல ரெண்டேகால் வருஷம் நோய்னு ஒண்ணு வரலைன்னு எழுதியிருக்கார். மதராஸி சாப்பாடுன்னா தீட்டின அரிசி, கொஞ்சம் பருப்பு, காய்கறி, மசாலா, எண்ணெய், பால் வகை ரொம்பக் கொஞ்சம்.

என்னை நிமிர்ந்து உக்கார வச்சது மூணாவதா ஒரு கூண்டு. அதுல இங்கிலாந்து ஏழைகளோட சாப்பாடு. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், மலிவு ஜாம், டப்பா மாமிசம், கொதிக்கக் கொதிக்க வேகவச்ச காய், சர்க்கரை போட்ட டீ. அந்த எலிகள் வளரலை, எரிச்சல் பிடிச்சு பராமரிக்கிற ஆளுங்களைக் கடிச்சுதுங்க, அறுபதாம் நாள் வாக்குல தங்களுக்குள்ளேயே நோஞ்சானைக் கொன்னு தின்ன ஆரம்பிச்சுதுங்க! 1936ல லண்டன்ல கான்டர் சொற்பொழிவுகள்ல அவர் பேசினது இந்த மாதிரி முடிவுகளை வச்சுதான்.

இப்போ எங்க ஊர் பேக்கரி வாசல்ல சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நின்னு பாருங்க. வர்க்கி. மைதா, டால்டா. கூட ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. வெள்ளை ரொட்டிக்கு வர்க்கி, மார்ஜரினுக்கு டால்டா, டீக்கு டீயே. அந்த மூணாவது கூண்டு மெனுவை அப்படியே தமிழ்ல மொழிபெயர்த்து வச்ச மாதிரி இருக்கும். எலியை நெனச்சுக்கிட்டு வர்க்கியை டீயில முக்கி இருக்கேன், சொல்றேன், ருசி கொஞ்சமும் குறையலை :-(

மக்காரிசன் ஆராய்ச்சியை அப்படியே விழுங்கக்கூடாதுன்னும் சொல்லியாகணும். வெள்ளைக்கார அரசுக்கு "போர்க்குடிகள்"னு ஒரு பித்து உண்டு. சீக்கியன், பட்டாணியன், கூர்க்கா எல்லாம் வீரன், வங்காளியும் மதராஸியும் சொங்கின்னு ஒரு ஏணி. எலிப் பட்டியலைப் பாருங்க, கிட்டத்தட்ட அதே ஏணி. சாப்பாட்டால உடம்பு மாறுது, பிறப்பால இல்லைன்னு அவர் காட்டினது பெரிய விஷயம். ஆனா ஒரு மாகாணமே ஒரே தட்டுல சாப்பிடுதுன்னு வச்சுக்கிட்டது அவரோட வசதிக்கு. மதராஸ்ல மீன் திங்கிறவன், கம்பங்கூழ் குடிக்கிறவன், மாடு வச்சிருக்கிறவன் எல்லாம் எந்தக் கூண்டு? அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பட்டியல் முழுக்க எடை கூடினா நல்லது, குறைஞ்சா கெட்டதுன்னுதான் ஓடுது. குட்டி எலி வளரணும், அதனால அது சரி. நாப்பது வயசு மனுஷனுக்கு?

1935ல மக்காரிசன் ஓய்வு பெற்றுப் போனார். அடுத்து வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட், பத்து வருஷம் இருந்தார். இவர் எலியை விட்டு மனுஷன் தட்டுக்கு வந்தவர். 1937ல "ஹெல்த் புல்லட்டின் 23"ன்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க. நம்ம ஊர் அரிசி, ராகி, பருப்பு, கீரை, காய், மீன் ஒவ்வொண்ணுலயும் என்ன சத்து எவ்வளவுன்னு அட்டவணை. இன்னிக்கு உங்க போன் ஆப்ல "ரெண்டு இட்லி, இத்தனை கலோரி"ன்னு வருதே, இந்திய உணவுகளுக்கு அந்த மாதிரிக் கணக்கோட கொள்ளுத்தாத்தா குன்னூர்ல அச்சுக்குப் போன அந்தப் புல்லட்டின். 1940ல இதே குழு இந்தியாவின் அரிசிப் பிரச்சினைன்னு ஒரு அறிக்கையும் போட்டுச்சு. தீட்டுறதுல போற சத்து, கழுவுறதுல போறது, கஞ்சி வடிக்கிறதுல போறதுன்னு அலசியிருக்காங்க. அய்க்ராய்ட் பின்னாடி வங்காளப் பஞ்ச விசாரணைக் கமிஷன்ல உறுப்பினர், அப்புறம் ஐ.நா. உணவு அமைப்புல ஊட்டச்சத்துப் பிரிவோட முதல் இயக்குநர்.

அந்த 1940 அறிக்கையை எழுதினவங்கள்ல ரெஜினால்ட் பாஸ்மோர்னு ஒரு இளம் டாக்டரும் உண்டு. இவர் பின்னாடி எடின்பரோ போய், மனுஷன் என்ன வேலை செஞ்சா எவ்வளவு சக்தி செலவாகுதுன்னு டர்னின்ங்கிறவரோட சேர்ந்து அளக்கிற வேலையில இறங்கினார். 1955ல அவங்க போட்ட கட்டுரையும் 1967ல வந்த புத்தகமும் அந்தத் துறைக்கு அஸ்திவாரம். நடந்தா இவ்வளவு, படி ஏறினா இவ்வளவு, தோட்டத்துல கொத்தினா இவ்வளவுன்னு ஜிம்முல சுவத்துல ஒட்டியிருக்கிற அட்டவணைக்கெல்லாம் முப்பாட்டன்கள்ல ஒருத்தர். ஆக, சாப்பிடுற கணக்குலயும் செலவழிக்கிற கணக்குலயும் எங்க ஊர் ஆளுங்க கை இருக்கு.

1958ல கூடம் ஹைதராபாத்துக்குப் போயிடுச்சு. 1969ல பேரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு மாறிச்சு. பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இங்கேயே நின்னு தடுப்பூசிப் பக்கம் போச்சு.

இனிமே மலை. அந்தக் கூண்டுகள் இருந்த காலத்துல சுத்துவட்டாரத்துப் படகர் ஊர்கள்ல வீட்டுச் சாப்பாடு ராகி, சாமை, பார்லி, அவரை, மோர். நிலமெல்லாம் மெல்ல உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், அப்புறம் தேயிலைன்னு மாறிச்சு. தானியம் விளைச்ச குடும்பம் தானியத்தைக் கடையில வாங்க ஆரம்பிச்சுது. எஸ்டேட் லைன் வீடுகள்ல ஆரம்பத்துலேர்ந்தே அரிசிதான், பெரும்பாலும் கீழ்நாட்டுலேர்ந்து வந்தவங்க. 2008ல ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன்லேர்ந்து இலவசம். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசின்னா என்னன்னு எங்க அம்மாகிட்ட கேட்டா தெரியும். ஆனா அரிசி தட்டுல இடம் பிடிச்ச வேகத்துக்கு ஒரு காரணம் இது.

இதே காலத்துல கால்கள் ஓய்வெடுத்துக்கிச்சு. எங்க அப்பா காலத்துல பஜார்லேர்ந்து பெட்போர்டுக்கு ஏறிப் போறதுக்குப் பேரு "போறது", அவ்வளவுதான். இப்போ அதுக்குப் பேரு வாக்கிங், அதுக்குத் தனியா ஷூ. இலை பறிக்கிறவங்களும் சுமை தூக்குறவங்களும் இன்னும் சரிவுல ஏறி இறங்குறாங்க. நான் பாக்டரி கணக்கு எழுதுற ஆளு. நாற்காலியை விட்டு எழுந்தா மினி பஸ், இறங்கினா வீடு.

விளைவு? 2019-21ல எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வுல, அதிக எடை உள்ள பெண்கள் பஞ்சாப்ல நூத்துக்கு 40.8. தமிழ்நாட்டுல 40.4. தமிழ்நாட்டு ஆண்கள் 37. அதாவது குன்னூர்ல 235க்கும் 155க்கும் இருந்த அவ்வளவு பெரிய பள்ளத்தை நாம தூர்த்துட்டோம்! சீக்கியருக்குச் சமமா வந்தாச்சு, ஆனா தொப்பையில. எலும்பு, தசையில இல்லை. நம்ம உடம்புல அதே எடைக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயித்தைச் சுத்தி. அதனாலதான் வெள்ளைக்காரனுக்கு உடல்நிறை எண் 25ல அபாயமணின்னா நமக்கு 23லயே அடிக்கணும்னும், இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாதுன்னும் நம்மூர் டாக்டர்கள் 2009ல வரையறை வச்சாங்க. 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டுல 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு சொல்லுது. இன்னும் 13 கோடிக்கு மேல வாசப்படியில நிக்கிறாங்க. அந்த வாசப்படியில நானும் நின்னேன். என் அப்பா உள்ளேயே போயிட்டவர், கால் விரல் ரெண்டு எடுத்து, அப்புறம் கண்ணு. அதனால எனக்கு இது சும்மா பொழுதுபோக்கு வரலாறு இல்லை.

வாசப்படியில நிக்கிறவங்களைப் பத்தி சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு ஒரு ஆய்வு பண்ணி 2006ல வெளியிட்டாங்க. 531 பேர், மூணு வருஷம். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சின்னச் சின்ன மாத்தம்: சர்க்கரையை விடு, தீட்டின தானியத்தையும் எண்ணெயையும் குறை, தினம் அரை மணி வேகமா நட. ஏற்கெனவே உடம்பு வளைச்சு வேலை செய்யறவங்க அதையே தொடரட்டும். மறந்துடாம இருக்க போன் பண்ணி ஞாபகப்படுத்துவாங்க. மூணு வருஷத்துல முதல் பிரிவுல நூத்துக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆயிட்டாங்க, ரெண்டாவதுல 39 பேர்தான். எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த 39 பிரிவுல எடை ஒண்ணும் பெருசா குறையவே இல்லை! மெஷின்ல முள்ளு நகரலைன்னாலும் உள்ளே ஏதோ நடக்குது. இதை மொதல்லயே படிச்சிருந்ததால முதல் மாசம் முள்ளு நகராதப்போ நான் கலங்கலை.

நம்ம கணக்கு இது. 86 கிலோ. நாளைக்கு அஞ்சு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன். பத்து ஸ்பூன், சுமார் 40-50 கிராம், கிட்டத்தட்ட 160லேர்ந்து 200 கலோரி. முதல் ரெண்டு மாசம் வேற எதையும் தொடலை, டீயில மட்டும் கை வச்சேன். ரெண்டு ஒண்ணரையாச்சு, ஒண்ணாச்சு, அரையாச்சு. நாக்குக்குத் தெரியாம இறக்கணும், அதான் சூட்சுமம். மூணாவது மாசம் ராத்திரிச் சோறு. தங்கமணி உழக்குல அளந்து போடுறவங்க, அதனால கணக்கு சுலபம். 40 கிராம் அரிசி குறைச்சா 140 கலோரி. அந்த இடத்துல அவரைக்கொட்டை, கேரட், வாரம் ரெண்டு நாள் சாமை. சாமையை முதல் நாள் பார்த்த பையன் "கிளி சாப்பாடு"ன்னான். அஞ்சாவது மாசம் வர்க்கி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போச்சு. கஷ்டப்பட்டது இதுக்குத்தான். ஆறாவது மாசம் பஸ்ல ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி ஏத்தத்துல நடை, அரை மணி, அது ஒரு 130 கலோரி இருக்கும்.

ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி. ராத்திரி அரிசியும் நடையும் சேர்ந்து 270. முப்பது நாளைக்கு 8,100. பேப்பர்ல மாசம் ஒரு கிலோ போகணும். எனக்குப் போனது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, பதினாலு மாசத்துல 9 கிலோ. உடம்பு இளைக்க இளைக்கச் செலவும் குறையும், அவரைக்கொட்டையிலயும் கலோரி இருக்கு, கல்யாண வீடும் வரும். நடுவுல மூணு மாசம் 81லயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. நடையால மட்டும் இளைச்சிடலாம்னு நினைக்கிறவங்க அந்த 130ஐ ரெண்டு வர்க்கியோட ஒப்பிட்டுப் பாருங்க, நான் மேலே எதுவும் சொல்லலை.

குன்னூர்லேர்ந்து போன அதே நிறுவனம் 2024ல புது உணவு வழிகாட்டி போட்டிருக்கு. ஒருநாள் சக்தியில தானியத்துலேர்ந்து வர்றது நூத்துக்கு 45க்கு மேல வேண்டாம்னு சொல்றாங்க. 2025ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியர்களுக்கு மாவுச்சத்துலேர்ந்தே 62 வருது. அது தானியம், சர்க்கரை எல்லாம் சேர்த்துதான், ஆனாலும் தூரம் புரியுது. எங்க வீட்டுல கணக்குப் போட்டுப் பார்த்தா தானியம் இன்னும் 50ஐ விட்டு இறங்கலை. இட்லி இருக்கே.

இப்போ வடகிழக்கு மழை, சாயங்காலம் ஆனா மூட்டம். ஏத்தத்துல காட்டெருமை வேற நிக்குது. அது நின்னா அன்னிக்கு நடை லீவு, வீட்டு மாடிப்படியில பத்து தடவை ஏறி இறங்குறேன், தங்கமணி எண்ணுறாங்க.

ஹெல்த் புல்லட்டின் 23ஓட 1937 பதிப்பு யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க மக்களே. சாமைக்கு அன்னிக்கு என்ன எண் போட்டிருந்தாங்கன்னு பார்க்கணும்.